சுவரில் ஒட்டிய நாஞ்சில் நாடு!

தக்கலையில் பஸ்ஸை விட்டிறங்கிச் சுமார் இரண்டு கிலோமீட்டர் போனால் பத்மநாபபுரம். கோட்டைக்குள்ளே அரண்மனை. 1795-ஆம் வருஷம் வரை திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தலைநகர் இதுவே. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம் தாலுகா சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. அரண்மனை மட்டும் இன்றுவரை கேரள சர்க்காரின் தொல்பொருள் இலாகாவின் நிர்வாகத்தில் இருக்கிறது. நாள்தோறும் ஜனங்கள் வருகிறார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையில் நடக்கிறார்கள். பூமுகத்தின் மரக்கூரையில் செதுக்கியுள்ள 90 வகை மலர்களை அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள்.

அந்த அரண்மனையின் சாயலை இன்று வேறொரு இடத்திலும் பார்க்கலாம். எங்கே? நெடுஞ்சாலை ஓரத்து ஏ.சி. உணவகங்களின் சுவர்களில்! சாய்வான மரச்சட்டங்கள் இருக்கின்றன; அவற்றின் பின்னே காற்று வரும் வழி இல்லை, சிமெண்டுச் சுவர் இருக்கிறது. ஓடு இருக்கிறது, அதன்மேல் ஒரு சொட்டு மழை விழுவதில்லை, கான்கிரீட் தளத்துக்கு அடியில் அது தொங்குகிறது. வாசலில் பித்தளை உருளி இருக்கிறது. அதில் பாயசம் காய்ச்சுவதில்லை, பூவிதழ்கள் மிதக்கின்றன. சுவரில் மட்டிப்பழக் குலையின் பெரிய படம் இருக்கிறது. தட்டில் வருவதோ எங்கோ ஒரு கிட்டங்கியில் உறையவைத்து லாரியில் வந்த பண்டம்.

இதற்கு ‘ஊர் மணம்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். உணவகக் கம்பெனிகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுக்கும் நிபுணர்களின் சித்தாந்தம் இது: “ஒரே கம்பெனியின் நூறு கடைகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், ஆயினும் ஒவ்வொரு கடையிலும் அந்தந்த ஊரின் குணம் கொஞ்சம் தெரிய வேண்டும். இரண்டையும் தராசில் வைத்துச் சமன் செய்வதே எங்கள் கலை.”

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒருமையும் வேண்டும், வேறுபாடும் வேண்டும் என்றால் யார் மறுப்பார்கள்? ஆனால் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். எதில் ஒருமை? எதில் வேறுபாடு? தராசைக் கையில் பிடித்திருப்பவர் யார் என்பது இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் தெரிந்துவிடும்.

ஒருமை எங்கே பிறந்தது?

முதலில் ஒருமையை எடுத்துக்கொள்வோம். பிரான்சைஸ் என்னும் கிளை உரிமை வியாபாரத்தின் அலங்காரப் புத்தகம் வண்ணத்திலும் விளக்கிலும் தொடங்கவில்லை. தொழிலாளியின் காலடியில் தொடங்கியது.

1948-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், சான் பெர்னார்டினோ நகரில், மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் கடையைப் புதிதாக அமைத்தார்கள். சில வருஷம் கழித்துப் புதிய கட்டடம் கட்ட நினைத்தபோது, ஒரு டென்னிஸ் மைதானத்தில் சாக்கட்டியால் சமையலறையின் அளவுக்குக் கோடு போட்டார்கள். வேலையாட்களை அதற்குள் நிறுத்தி, இல்லாத அடுப்பில் இல்லாத இறைச்சியைப் புரட்டச் சொன்னார்கள். யார் எத்தனை அடி நடக்கிறார், யார் யாரோடு மோதுகிறார் என்று பார்த்துக் கோட்டை அழித்து அழித்துப் போட்டார்கள். வீண் அடி ஒன்றுகூட இல்லாத சமையலறை பிறந்தது. 1948-இலேயே காரருகே வந்து பரிமாறிய பெண்களுக்கு வேலை போயிற்று. பீங்கான் தட்டு போய்க் காகிதம் வந்தது. தட்டுக் கழுவும் ஆளும் வேண்டாதவரானார். 1955-இல் ரே க்ராக் என்பவர் இதே கோட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனார். இன்று உலகில் அந்தக் கம்பெனியின் கடைகளில் 100-க்குச் சுமார் 95 பிரான்சைஸ்காரர்கள் கையில் இருப்பவை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையை நடத்துபவர் வேறு, முத்திரைக்குச் சொந்தக்காரர் வேறு. உள்ளூர்க்காரர் ஒருவர் நிலத்தை அடகு வைத்து, வங்கியில் கடன் வாங்கிக் கிளை உரிமை எடுக்கிறார். முன்பணம் கட்டுகிறார். சுவர், தரை, நாற்காலி, விளக்கு, பெயர்ப்பலகை எல்லாம் அவர் செலவு. ஆனால் எந்த நாற்காலி, எந்த விளக்கு, யாரிடம் வாங்குவது என்பதெல்லாம் கம்பெனியின் புத்தகத்தில் எழுதியிருக்கும். பக்கத்துத் தெரு ஆசாரி அதைவிட நல்ல நாற்காலியைப் பாதி விலைக்குச் செய்து தருவார், கூடாது! மாதாமாதம் கம்பெனிக்கு ராயல்டி என்று ஒரு பங்கு. அது பெரும்பாலும் லாபத்தில் பங்கல்ல, விற்பனையில் பங்கு. கடை நஷ்டத்தில் ஓடினாலும் கம்பெனியின் பங்கு போய்ச் சேரும். சில வருஷம் கழிந்ததும், “முத்திரையின் தோற்றம் மாறிவிட்டது, கடையைப் புதுப்பி” என்று உத்தரவு வரும். நல்ல நிலையில் இருக்கும் மேசையும் நாற்காலியும் குப்பைக்குப் போகும். கடன் மீண்டும் ஏறும்.

இத்தனை நெருக்கடியையும் கடைக்காரர் எங்கே இறக்கி வைப்பார்? சரக்கு மாஸ்டரின் சம்பளத்தில், சப்ளையரின் வேலை நேரத்தில், மேசை துடைக்கும் பையனின் முதுகில். கம்பெனியோ, “அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லவே, கடைக்காரரின் ஊழியர்கள்” என்று கையை விரிக்கும். நாற்காலியின் நிறம் கம்பெனியின் விஷயம். அந்த நாற்காலியைத் துடைப்பவனின் கூலி கம்பெனியின் விஷயம் இல்லையாம்! ஒருமையின் மர்மம் இதுதான். கண்ணுக்குத் தெரிவதில் ஒருமை. கூலியிலும் பொறுப்பிலும் ஆளுக்கொரு நீதி.

வேறுபாடு ஏன் வந்தது?

அப்படியானால் இந்தக் கம்பெனிகளுக்கு ஊர் மணத்தின் மேல் திடீர்க் காதல் எப்படி வந்தது?

1986-இல் ரோம் நகரில், ஸ்பானியப் படிகளுக்கு அருகே, மெக்டொனால்ட் கடை திறந்தது. ஜனங்கள் எதிர்த்துக் கிளர்ந்தார்கள். தெருவில் நின்று தங்கள் நாட்டுப் பாஸ்தாவைத் தட்டில் வைத்துப் பரிமாறி எதிர்ப்புக் காட்டினார்கள். கார்லோ பெத்ரினி முதலியோர் தொடங்கிய ‘ஸ்லோ புட்’ என்ற நிதான உணவு இயக்கம் அந்த எதிர்ப்பிலிருந்து வளர்ந்தது. பீக்கிங் நகரின் பழைய அரண்மனைக்குள் 2000-இல் நுழைந்த ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடை, ஜனங்களின் கண்டனம் வலுத்ததால் 2007-இல் மூட்டை கட்டியது.

பெரிய கம்பெனிகள் இதிலிருந்து பாடம் படித்தன. ஊர் எதிர்த்தால் ஊரின் வேஷத்தையே போட்டுக்கொள்வது என்பதே அந்தப் பாடம். 2012-இல் அதே ஸ்டார்பக்ஸ் டாட்டா கம்பெனியுடன் சேர்ந்து பம்பாய் ஹார்னிமன் வட்டத்தில், ஒரு பழைய கட்டடத்தில், இந்தியத் தேக்கும் இந்தியக் கைவேலையும் வைத்துக் கடை திறந்தது. 2017-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் பழைய மரவீடு ஒன்றில், கோரைப்பாய் விரித்த அறைகளோடு ஒரு கடை திறந்தது. பார்க்க அழகாகவே இருக்கின்றன. அதை மறுப்பானேன்? அந்த வேலையைச் செய்த தச்சனும் கொத்தனும் திறமைசாலிகள். நமது சண்டை அவர்களோடு இல்லை.

ஆனால் 2021 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரில், இதே கம்பெனியின் கடையொன்றில் காப்பி போடும் இளைஞர்கள் சங்கம் அமைக்க வாக்களித்தபோது என்ன நடந்தது? சுவருக்குச் சுவர் ஊர்க்குணத்தை மதித்த கம்பெனி, “சங்கம் வேண்டாம், எங்களோடு நேரே பேசுங்கள்” என்று பிரசாரம் செய்தது. அதன் பிறகு நூற்றுக்கணக்கான கடைகளில் தொழிலாளர் சங்கத்துக்கு வாக்களித்துவிட்டார்கள். கியோட்டோவில் பாய், பம்பாயில் தேக்கு என்று தரைக்கும் சுவருக்கும் விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தத் தரையில் எட்டு மணி நேரம் நிற்பவனுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

பத்மநாபபுரம் சொல்லும் பாடம்

இனி நம் ஊருக்கு வருவோம். ஊர்க்குணம் என்றால் என்ன? பத்மநாபபுரம் அரண்மனை இதற்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்கிறது.

அந்தக் கூரை ஏன் அவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது? இடவப்பாதி மழையும் துலாமழையும் இரண்டும் கொட்டும் பிரதேசம் இது. தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும். இறவாரம் ஏன் அவ்வளவு வெளியே நீள்கிறது? சாரல் மரத்தில் படக்கூடாது. சட்டங்கள் ஏன் சாய்ந்து நிற்கின்றன? வெயிலைத் தடுத்துக் காற்றை விட வேண்டும். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்க வேண்டும், வெளியே இருப்பவர் உள்ளே பார்க்கக்கூடாது. கருந்தரை ஏன் மின்னுகிறது? சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு என்று கைக்கு அருகே கிடைத்ததைக் குழைத்துப் பூசி, நாள்கணக்கில் கையால் தேய்த்தார்கள். தாய்க் கொட்டாரத்தில் நிற்கும் செதுக்குத் தூண் ஒரே பலாமரத்தில் கடைந்தது. ஆக, மழை, வெயில், கைக்கு எட்டிய மரமும் மண்ணும், அவற்றை அறிந்த ஆசாரியின் கை ஆகிய இவையே ஊர்க்குணத்தின் வேர். வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளி ஏ.சி. அறையின் சுவரில் ஒட்டினால் அது வாடாமல் என்ன செய்யும்?

ஆனால் அரண்மனை இன்னொன்றையும் சொல்கிறது. அலங்கார நிபுணர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அங்கே ஊட்டுப்புரை என்று ஒரு நீண்ட மண்டபம் இருக்கிறது. இரண்டு அடுக்கு, ஒரே சமயத்தில் 2000 பேர் வரை உண்ணலாம் என்பார்கள். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீனப் பரணிகள் இன்றும் இருக்கின்றன. இடத்தைப் பாருங்கள்: ஒரே வரிசை, ஒரே தரை, ஒரே இலை. இன்றைய எந்தக் கம்பெனியும் பொறாமைப்படும் ஒருமை! ஆனால் யாருக்குச் சோறு? திருவிதாங்கூர் ராஜ்யத்தின் ஊட்டுப்புரைகளில் சர்க்கார் செலவில் இலவசமாக உண்டவர்கள் பிராமணர்கள். அந்த நெல்லை விளைவித்தவனுக்கு அங்கே இலை போடவில்லை. இதே கல்குளம் வட்டாரத்தில்தான் 1822-இல் மேலாடை அணிந்த நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள். மார்பை மறைக்கும் உரிமைக்காக நமது தாய்மார்கள் 37 வருஷம் போராடினார்கள். 1859 ஜூலையில் மகாராஜா உத்தரவு போட்டபோதும், “மேல்ஜாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது” என்று ஒரு வால் ஒட்டியே கொடுத்தார். கோயில் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-இல்.

இதுவும் ஊர்க்குணந்தான்! இதை எந்தச் சுவரில் ஒட்டப் போகிறீர்கள்?

சாப்பாட்டுக் கடையின் வரலாறும் இதே கதை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்று தனித்தனி இடம் இருந்தது. கிளர்ச்சிக்குப் பிறகே 1941-இல் அது ஒழிந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு வார்த்தையை நீக்க 1957-இல் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை சென்றார்கள். கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளைக்கு எதிரான போராட்டத்தில் நமது இயக்கத்தார் பட்ட அடி கொஞ்சமா?

அப்படியென்றால் ஒரே பெஞ்சு, ஒரே கிளாஸ், ஒரே விலை என்பது யாரும் தானம் கொடுத்ததல்ல. ஜனங்கள் ரத்தம் சிந்திப் பெற்ற ஒருமை அது. எனவே நாம் ஒருமைக்கு எதிரிகள் இல்லை. யார் வந்தாலும் ஒரே இருக்கை, சுத்தமான சமையலறை, எழுதிப் போட்ட விலை, பெண்கள் கூசாமல் போகக்கூடிய கழிப்பறை ஆகிய இவற்றில் நூறு கடையும் ஒன்றுபோல் இருந்தால் இரண்டு கையும் தட்டி வரவேற்போம். கம்பெனிக் கடைகளில் இவற்றில் சில இருக்கின்றன. அதைக் கண்டு ஜனங்கள் அங்கே போவதில் தப்பும் இல்லை. நம் ஊர்ச் சின்ன ஓட்டல் முதலாளிகளும் இதை யோசிக்க வேண்டும். “எங்களுடையது பாரம்பரியக் கடை” என்று சொல்லி ஈ மொய்க்கும் கழிப்பறையை நியாயப்படுத்த முடியாது.

தொழிலாளர் கட்டிய தொடர்

“கடைகள் ஒன்றுபோலவும் இருந்து, ஊரோடும் ஒட்டியிருக்க முடியுமா? கம்பெனி இல்லாமல் அது நடக்குமா?” என்று கேட்பவர்களுக்கு நாம் நம் கண்ணெதிரே உள்ள சான்றைக் காட்டுகிறோம். பத்மநாபபுரத்திலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம் தம்பானூர். பஸ் நிலையத்துக்கு எதிரே செங்கல் நிறத்தில், திருகிக்கொண்டு மேலே ஏறும் ஒரு வட்டக் கட்டடம் இருக்கிறது. அது இந்தியன் காப்பி ஹவுஸ்.

இந்தத் தொடரின் பிறப்பு தெரிந்ததே. 1936-இல் பம்பாய் சர்ச்கேட்டில் காப்பி வரிக் கமிட்டி முதல் கடையைத் திறந்தது. பின்னர் காப்பி போர்டு அவற்றைப் பல நகரங்களில் நடத்தியது. 1950-களின் நடுவில் போர்டு கடைகளை மூட முடிவு செய்தது. தொழிலாளர் தெருவில் நின்றார்கள். அப்போது தோழர் ஏ.கே. கோபாலன், “வேலை போயிற்று என்று அழுவானேன்? கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள்” என்று வழிகாட்டினார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதே வருஷம் அக்டோபரில் டில்லியில் கடை திறந்தது. 1958 மார்ச் 8-இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடையைத் தொழிலாளர் திறந்தார்கள். இன்று கேரளத்தில் மட்டும் திருச்சூர், கண்ணூர் என்று இரண்டு சங்கங்கள். புதுச்சேரி நேரு வீதியிலும் கடை இருக்கிறது.

இவற்றிலும் ஒருமை உண்டு. வெள்ளைச் சட்டை, விசிறி வைத்த தலைப்பாகை, பீட்ரூட் சேர்த்த கட்லெட், சாதாரண ஜனங்களுக்கு எட்டும் விலை. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் காப்பி ஹவுஸ் என்று தெரியும். தலைப்பாகை வெள்ளைக்காரன் காலத்து வேஷம் என்று சிலர் கேலி செய்வார்கள். இருக்கட்டும். அதை வைத்துக்கொள்வதா, கழற்றி எறிவதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு அதை அணிபவர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவிடம் இருக்கிறது. கம்பெனிக் கடையிலோ, அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த பையனுக்கு வேட்டியைக் கட்டி ‘ஊர் மணம்’ என்று நிறுத்துகிறார்கள். அவனை யார் கேட்டார்கள்?

வேறுபாடும் உண்டு. கல்கத்தா காலேஜ் தெருக் கடை ஆல்பர்ட் ஹாலின் உயர்ந்த கூடத்தில், மாணவர் கூச்சலுக்கு நடுவே நடக்கிறது. தம்பானூர்க் கடையோ லாரி பேக்கர் கட்டியது. 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, நம் நாட்டிலேயே வாழ்ந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், வீண் செலவை வெறுத்தவர். உள்ளூர்க் கொத்தனாரின் கைத்திறனை நம்பியவர். தம்பானூரில் கிடைத்தது குறுகலான இடம். மாடி மாடியாக அடுக்காமல், நடுவே ஒரு வட்டத்தண்டு நிறுத்தி, அதைச் சுற்றிச் சரிவாகத் தரையை ஏற்றினார். வெளிச்சுவரை ஒட்டி மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு கட்டடமாக அமைந்தன. சுவரில் செங்கல்லை விட்டு விட்டு வைத்த துவாரங்கள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன.

அங்கே அரண்மனைத் தூணின் நகல் ஒன்றுகூட இல்லை. உருளி இல்லை, பூ இல்லை. ஆனால் பத்மநாபபுரத்து ஆசாரி சாய்ந்த சட்டத்தால் செய்த வேலையை இந்தச் செங்கல் துவாரம் செய்கிறது. வேரைப் பிடித்தால் இலை தானே தளிர்க்கும் என்பதற்கு இது சாட்சி.

அதிலும் நாம் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டோம். அந்தச் சரிவில் காலை முதல் இரவு வரை தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குபவர் யார்? சப்ளையர்தான். நல்லவர் போட்ட வரைபடமானாலும் வேலை செய்பவரின் முழங்காலைக் கேட்டுப் போட வேண்டும். இந்தக் கேள்வியைத் தைரியமாகக் கேட்க முடிவது, அங்கே தொழிலாளி நிர்வாகத்தில் இருப்பதால்.

எதிர்வாதங்கள்

“உங்கள் காப்பி ஹவுஸ் நொடித்துப் போகிறதே!” என்பார்கள். கஷ்டங்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பெங்களூரில் எம்.ஜி. ரோட்டுக் கடை 2009-இல் இடத்தை இழந்து சர்ச் தெருவுக்குப் போக நேர்ந்தது. பெரிய மூலதனம் இல்லாத ஸ்தாபனத்தை வாடகை விழுங்குகிறது. நிர்வாகத்தில் குறைகளும் உண்டு. ஆனால் கடையை மூடு என்று போர்டு சொன்ன நாளிலிருந்து 60 வருஷத்துக்கு மேல் அதைத் தொழிலாளர் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். எத்தனை கம்பெனி முத்திரைகள் இதற்குள் வந்து மறைந்தன!

“உள்ளூர்க் கைவினைஞருக்கு நாங்கள் ஆர்டர் கொடுக்கிறோமே!” என்பார்கள். கொடுங்கள், நல்லது. ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? செட்டிநாட்டு வீடுகள் இடிபடுகின்றன. அவற்றின் தேக்குத் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து உணவகங்களுக்கு அலங்காரமாகப் போகின்றன. செத்த வீட்டின் தூணை வாங்கி நிறுத்துவதால் உயிரோடிருக்கும் தச்சனுக்கு ஒரு நாள் கூலி உண்டா? ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் கல் வார்க்கிறார்கள். அதே பூவை இயந்திரத்தில் அச்சடித்து ‘ஆத்தங்குடி டிசைன்’ என்று விற்கிறார்கள். கம்பெனிக்கு வேண்டியது கைவினைஞர் கண்டெடுத்த பூ, கைவினைஞர் வேண்டாம்.

“வாடிக்கையாளருக்கு இது பிடிக்கிறது” என்பது கடைசி வாதம். தன் ஊரின் சாயலைக் கண்டால் யாருக்கும் மனம் இளகும். பிழைப்புக்காக வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் ஓட்டு வீட்டின் படத்தைக் கண்டாலே கண்கலங்குவார்கள். அந்தப் பாசம் உண்மையானது. அந்தப் பாசத்தைக் காசாக்குபவர்களே நமது விமர்சனத்துக்கு இலக்கு.

நாம் கேட்பது என்ன?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இனித் திறக்கும் கிளைக் கடைகளுக்கு, பெரியவையானாலும் சிறியவையானாலும், நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஒன்று: ஒருமை முதலில் சம்பளத்தில் வரட்டும். முத்திரை ஒன்றென்றால் குறைந்தபட்சக் கூலி, வார விடுமுறை, வேலை நேரம், சங்க உரிமை எல்லாக் கிளையிலும் ஒன்றாக இருக்கட்டும். முத்திரைக்குச் சொந்தமான கம்பெனியும் இதற்குப் பொறுப்பேற்கட்டும்.

இரண்டு: அலங்காரப் புத்தகத்தில் தொழிலாளிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். துணிக்கடைப் பெண்களின் போராட்டத்தால் கேரளத்தில் 2018-இலும், அதன்பின் 2021-இல் தமிழ்நாட்டிலும், கடைகளில் நிற்கும் ஊழியருக்கு இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்தது. ஓட்டல் தொழிலாளியின் காலும் கால்தான். அவருக்கு உட்கார இடம், புகை போகும் சமையலறை, உடை மாற்ற அறை, வெளியூரிலிருந்து வந்தவருக்கு மனிதன் படுக்கக்கூடிய இடம் ஆகிய இவற்றை வரைபடத்திலேயே காட்டுங்கள்.

மூன்று: மரம், செங்கல், ஓடு, நாற்காலி ஆகியவற்றை உள்ளூரில் வாங்கும் உரிமை கடைக்காரருக்கு ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். நம் மாவட்டத்து ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் வேலை கொடுங்கள். நகல் எடுக்கச் சொல்லாதீர்கள். இந்த மழைக்கும் வெயிலுக்கும் ஏற்றதைக் கேட்டுச் செய்யுங்கள். செய்தவரின் பெயரைச் சுவரில் எழுதுங்கள்.

நான்கு: நன்றாயிருக்கும் கடையைப் புதுப்பிக்கச் சொல்லும் உத்தரவின் செலவைக் கம்பெனியே ஏற்கட்டும். அப்போது தெரியும், எத்தனை தடவை தோற்றம் மாற வேண்டியிருக்கிறது என்று!

ஐந்து: ஊரின் கதையைச் சுவரில் எழுதுவதானால் முழுக்கதையை எழுதுங்கள். ஊட்டுப்புரையின் படத்தை மாட்டினால், அங்கே இலை கிடைக்காதவர்களின் கதையையும் பக்கத்தில் எழுதுங்கள். மேலாடைக்குப் போராடிய பெண்களையும் சேர்த்ததுதான் நாஞ்சில் நாட்டின் குணம்.

ஓட்டல் தொழிலாளத் தோழர்களே! மரவேலை, கட்டட வேலைத் தோழர்களே! கடன் வாங்கிக் கிளை உரிமை எடுத்துவிட்டுத் தவிக்கும் சிறு வியாபாரிகளே! அரண்மனைக் கூரையில் 90 வகை மலர் செதுக்கிய ஆசாரிகளின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ராஜாக்களின் பெயர் எல்லாப் பலகையிலும் இருக்கிறது. இன்று அதே மலரைக் காகிதத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிக் கம்பெனி தன் பெயரைப் போட்டுக்கொள்ள வருகிறது. இந்த முறையும் நாம் பேசாமல் இருக்கப் போகிறோமா? கடையின் வரைபடத்தை மேசைமேல் விரிக்கச் சொல்லுங்கள். அடுப்படியில் நிற்பவரும், மரம் செதுக்குபவரும், கடன் கட்டுபவரும் அந்த மேசையைச் சுற்றி உட்காரட்டும். அங்கே போடும் கோட்டிலிருந்துதான் ஊர்க்குணமுள்ள கடை எழும்பும்.